மருந்து ஆராய்ச்சித் துறைக்குக் கல்லூரியில் ஆயத்தமாதல்

நம் தோட்டப்புறக் குடும்பங்களில் படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தலையெடுத்துவிட்டால், அதை எப்பாடுபட்டேனும் டாக்டராக்கிவிட வேண்டும் என்று பெற்றோரும் உற்றாரும் ஒருமுகமாகச் சொல்லிவிடுகின்றனர். அவ்விருப்பத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது மிகச் சிலருக்கே. இடம் கிடைக்காத பிள்ளைகளுள் பலர், தாம் படித்த விஞ்ஞானமே வீணாயிற்று என மனமுடைந்து, கைக்கு எட்டிய வேலையில் சேர்ந்துவிடுகின்றனர். இஃது அப்பிள்ளைகளுக்கு மட்டுமன்று. நம் சமுதாயத்திற்கும் நேரும் இழப்பாகும்.

நோய் தீர்க்கும் பணி மருத்துவர் ஒருவரோடு முடிந்துவிடுவதில்லை. அவர் எழுதித் தரும் மருந்தைக் கண்டறிந்தவர் ஒருவர்; அது நஞ்சன்று எனச் சோதித்தவர் மற்றொருவர்; அதை மாத்திரையாக உருவாக்கியவர் வேறொருவர்; அம்மாத்திரையைச் சந்தையில் விற்கலாமா என ஆராய்ந்து அனுமதி அளித்தவர் இன்னொருவர். இவர்கள் யாவரும் மருந்து ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்தோரே. இத்துறைக்கு நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

மருந்து ஆராய்ச்சி என்பது யாது?

ஒரு புதிய மருந்து ஒரே நாளில் பிறப்பதில்லை. முதலில், நோய் உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் அறிந்துகொள்கின்றனர். பின்னர் அதைத் தடுக்கவல்ல பொருளைத் தேடுகின்றனர். அப்பொருள் ஒரு செடியிலிருந்தோ மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்தோ கிடைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஆக்கப்படவும் கூடும். கிடைத்த பொருளைத் தூய்மைப்படுத்தி, அதன் அமைப்பைக் கண்டறிந்து, கண்ணாடிக் குழாய்களிலும் பின்னர் விலங்குகளிடத்தும் சோதிக்கின்றனர். அங்குத் தேறினால்தான் மனிதரிடம் சோதிக்க அனுமதி கேட்க முடியும்.

மனிதரிடம் செய்யப்படும் சோதனை பொதுவாக மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் ஏறக்குறைய 20 முதல் 100 பேரிடம் கொடுத்து, எவ்வளவு அளவு வரை உடல் தாங்குகிறது என்று பார்க்கின்றனர். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம் கொடுத்து, நோய் குறைகிறதா என்று பார்க்கின்றனர். மூன்றாம் கட்டத்தில் பல நூறு முதல் சில ஆயிரம் பேர் வரை பங்கு பெறுகின்றனர். இவ்வளவும் முடிவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகிவிடுவதுண்டு. மனிதச் சோதனைக்குள் நுழையும் பத்து மருந்துகளில் ஒன்பது போல இடையிலேயே கைவிடப்படுகின்றன. ஆகவே, இத்துறையில் நுழைய விரும்புவோர்க்கு முதலில் வேண்டுவது பொறுமை.

இத்துணைச் சோதனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் 'தாலிடோமைட்' என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களும் வாந்திக்கும் குமட்டலுக்கும் அதை உட்கொண்டனர். அதன் விளைவாகக் கைகால் குறைபாட்டுடன் உலகெங்கும் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பத்தாயிரத்திற்கும் மேல். 1961ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருந்து ஜெர்மனியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அதிகாரி, போதிய சான்று இல்லை என்று கூறி, அதன் விற்பனைக்கு அனுமதி தர மறுத்திருந்தார். அவருடைய உறுதியால் அந்நாட்டில் எத்தனையோ குழந்தைகள் தப்பின. மருந்து ஆராய்ச்சியில் ஒருவர் 'சான்று போதாது' என்று துணிந்து சொல்வதும் உயிர் காக்கும் செயலே என்பதை இதனால் அறியலாம்.

நம் நாட்டில் இப்பொறுப்பை ஏற்றிருப்பது, பெட்டாலிங் ஜெயாவில் அமைந்துள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையாகும். இது 1978ஆம் ஆண்டில் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வகமாகத் தொடங்கப்பட்டது. நாம் வாங்கும் மருந்துப் பெட்டியின்மேல் 'எம்.ஏ.எல்.' என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருப்பதைக் காணலாம். அவ்வெண்ணுக்குப் பின்னால் விஞ்ஞானிகள் பலருடைய உழைப்பு இருக்கிறது.

மரத்துப் பாலில் கிடைத்த மருந்துப் பொருள்

பால்மரத்தோடு வாழ்ந்த நம் மக்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய சான்று ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1987ஆம் ஆண்டில் சரவாக்கின் லுண்டு வட்டாரக் காட்டில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காகத் தாவரங்கள் சேகரிக்கப்பட்டன. அவற்றுள் 'பிந்தாங்கோர்' என்னும் மரத்தின் மாதிரியும் ஒன்று. இது நம் இலக்கியங்கள் போற்றும் புன்னையின் இனத்தைச் சேர்ந்தது. அம்மாதிரியிலிருந்து எடுக்கப்பட்ட சாறு, ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி. கிருமியின் பெருக்கத்தைத் தடுத்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் 'கலனோலைட் ஏ' எனப் பெயரிட்டு, 1992ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

மேலும் மாதிரி வேண்டி அவர்கள் அதே இடத்திற்குத் திரும்பி வந்தபோது, அந்த மரம் வெட்டப்பட்டுவிட்டிருந்தது. பின்னர் தேடியதில், அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு வகை பிந்தாங்கோர் மரத்தின் பாலில், கலனோலைட்டுக்கு நெருங்கிய உறவுடைய பொருள் ஒன்று மிகுதியாக இருப்பது தெரிந்தது. அதன் ஆற்றல் சற்றுக் குறைவே. ஆனால், மரத்தை வீழ்த்தாமல், பட்டையில் சிறு கீறலிட்டு வடியும் பாலைச் சேர்த்தே அதைப் பெற முடிந்தது. பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டில் சரவாக் மாநில அரசு ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து, இப்பொருளை மருந்தாக்கும் கூட்டு முயற்சியைத் தொடங்கியது. நலமுள்ள தொண்டர்களிடம் முதற்கட்டச் சோதனையும் நடைபெற்றது. எனினும் இன்றளவும் அது மருந்துக்கடைக்கு வரவில்லை. இத்துறையின் பெருமையையும் அருமைப்பாட்டையும் ஒருசேர உணர்த்தும் வரலாறு இது.

வெற்றி கண்ட முயற்சியும் உண்டு. 'ஹெப்படைடிஸ் சி' என்னும் கல்லீரல் நோய்க்கான மருந்துகளின் விலை உலகெங்கும் ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நம் சுகாதார அமைச்சு, ஜெனிவாவில் இயங்கும் இலாப நோக்கமற்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பு ஒன்றோடும் எகிப்து நாட்டு மருந்து நிறுவனம் ஒன்றோடும் கைகோத்து, 'ரவிடாஸ்வீர்' என்னும் புதிய மருந்தைச் சோதிக்க முன்வந்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் இதில் பங்கு பெற்றனர். 'சோஃபோஸ்புவீர்' என்னும் மற்றொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்ததில் நூற்றுக்கு 97 பேர் குணமடைந்தனர். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் நாடு இம்மருந்துக்கு நிபந்தனையுடன் கூடிய பதிவை வழங்கியது. மருந்து ஆராய்ச்சி மேனாட்டாருக்கே உரியது என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

தோட்டத்திலேயே உள்ள பாடங்கள்

இத்துறையின் அடிப்படைக் கருத்துகள் நம் மக்களுக்கு முற்றிலும் புதியவையல்ல. பால் கொட்டகையில், கொண்டுவந்த பாலை நிறுத்த அளவில் கணக்கு முடிவதில்லை. சிறிது மாதிரி எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்க்கின்றனர். நீர்த்த பாலும் கெட்டிப் பாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். உலர்த்தி நிறுத்தால்தான் உண்மை வெளிப்படும். மருந்து ஆய்வுக்கூடத்திலும் ஒரு மாத்திரையில் மருந்து எத்தனை மில்லிகிராம் உள்ளது என்பதைக் கண்ணால் பார்த்து எவரும் சொல்வதில்லை, அளந்தே சொல்கின்றனர்.

பால் மிகுதியாகச் சுரப்பதற்குப் பட்டையில் பூசப்படும் ஊக்கி மருந்தையும் எடுத்துக்கொள்வோம். உரிய அளவில், உரிய இடைவெளியில் பூசினால் பயன் உண்டு. அளவு மீறினால் பட்டை வறண்டு மரமே கெட்டுவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மருந்தியலின் முதற்பாடம். அந்தச் சரியான அளவை அறிவதற்கு, ஊக்கி பூசிய மரங்களையும் பூசாத மரங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பர். மனிதரிடம் செய்யும் மருந்துச் சோதனையிலும் இவ்வாறே ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு வெற்று மாத்திரையோ வழக்கமான மருந்தோ கொடுத்து ஒப்பிடுகின்றனர். இவ்வாறு அன்றாட வேலையோடு பொருத்திச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் அச்சந்தரும் பாடமாக இராது.

பாதை நான்காம் படிவத்தில் பிரிகிறது

மருந்து ஆராய்ச்சிக்குரிய பாதை கல்லூரி வாயிலில் தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நான்காம் படிவத்திலேயே பிரிந்துவிடுகிறது. அப்போது இரசாயனம், உயிரியல், பெளதிகம், கூடுதல் கணிதம் ஆகிய பாடங்களை எடுக்கத் தவறியவர்கள், பிற்காலத்தில் எவ்வளவு விரும்பினாலும் இத்துறைக்குத் திரும்பி வருவது அரிது. 'கூடுதல் கணிதம் கடினம். அதை விட்டுவிடுகிறேன்' என்று பிள்ளை சொல்லும்போது, ஒரு பாடத்தோடு எத்தனை கதவுகள் அடைபடுகின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழே கிடைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் இரு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, ஆறாம் படிவத்தில் மூன்று தவணைகள் பயின்று எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு. இதில் இரசாயனமும் உயிரியலும், அவற்றோடு கணிதமோ பெளதிகமோ எடுக்க வேண்டும். மற்றொன்று, கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரி. இங்குப் பெரும்பாலோர் ஓராண்டில் படிப்பை முடிக்கின்றனர். சில பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடித்தள வகுப்புகளும் உண்டு. விண்ணப்பங்களுக்கெல்லாம் கடைசி நாள் உண்டு. அவை இணையம் வழியாகவே செய்யப்படுகின்றன. வீட்டில் வசதி இல்லாதோர் பள்ளி ஆலோசக ஆசிரியரை முன்கூட்டியே அணுகுவது நலம். மதிப்பெண் இருந்தும் நாள் தவறியதால் இடம் இழப்பது மிகவும் வருந்தத்தக்கது.

எந்தப் பட்டம் படிப்பது?

மருந்து ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு பட்டம்தான் வழி என்பதில்லை. முதலாவது, பார்மசி எனப்படும் மருந்தாக்கவியல் பட்டம். நான்காண்டுகள் பயில வேண்டும். பினாங்கில் 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1972ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதன்முதலாக இக்கல்விக்கு வழி திறந்தது. இன்று மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் முதலிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும், கெடாவில் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற தனியார் கல்வி நிலையங்களிலும் இதைப் பயிலலாம். பட்டம் பெற்றவர் குறைந்தது ஓராண்டு தற்காலிகப் பதிவுடன் பயிற்சி பெற்ற பின்னரே முழு மருந்தாளராகப் பதிவு பெற முடியும்.

இரண்டாவது, இரசாயனம், உயிர் இரசாயனம், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், உயிர்மருத்துவ விஞ்ஞானம் போன்ற விஞ்ஞானப் பட்டங்கள். புதிய பொருளைக் கண்டறிந்து ஆக்குவதில் இரசாயனம் பயின்றோரும், அது உடலில் செய்யும் வேலையை அறிவதில் உயிர் இரசாயனம் பயின்றோரும் பெரும்பங்கு ஏற்கின்றனர். பார்மசியில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக எவரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. சோதனை முடிவுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் புள்ளியியல் அறிஞர் இன்றி எந்த மருந்துச் சோதனையும் நடைபெறாது. ஆதலின், கணிதத்தில் வல்ல பிள்ளைகளுக்கும் இங்கு இடமுண்டு.

பட்டப்படிப்பு வரை செல்ல இயலாதவர்க்கும் வழி அடைபடவில்லை. டிப்ளோமா பெற்று ஆய்வுக்கூட உதவியாளராகவோ மருந்தாளரின் உதவியாளராகவோ பணியில் சேர்ந்து, பின்னர் மேலே படித்தோரும் உண்டு.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூறுகிறோம். தனியார் கல்லூரியில் சேருமுன், அப்படிப்பு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்றும், பார்மசியாயின் மலேசிய மருந்தாளர் வாரியம் அதை ஏற்றுள்ளதா என்றும் விசாரித்தறிய வேண்டும். அங்கீகாரமில்லாத படிப்புக்குக் கட்டிய பணம் ஆற்றில் கரைத்த புளிக்கு ஒப்பாகும்.

கல்லூரி ஆண்டுகளில் செய்ய வேண்டியவை

முதலாண்டில் அடிப்படையை உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் தேசிய மொழியில் பயின்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. இது அறிவுக் குறைவன்று, பழக்கக் குறைவே. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் ஆங்கில விஞ்ஞான நூலைப் படித்து, புரியாத சொற்களைத் தனி ஏட்டில் குறித்துவந்தால் ஓராண்டில் அக்குறை நீங்கிவிடும். பல்கலைக்கழக நுழைவுக்கு எழுதும் 'மூவெட்' ஆங்கிலத் தேர்வையும் இந்நோக்கத்தோடு அணுகுதல் நன்று.

இரண்டாம் ஆண்டில் ஆய்வுக்கூடப் பயிற்சியில் கைதேர்ச்சி பெற வேண்டும். துல்லியத் தராசில் நிறுத்தல், பிப்பெட்டில் திரவம் எடுத்தல், கரைசல் தயாரித்தல், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் நிறப்பிரிகைக் கருவியை இயக்குதல் ஆகியவை நூலைப் படித்து மட்டும் வரும் வித்தைகளல்ல. நான்கு பேர் சேர்ந்து செய்யும் சோதனையில் ஒருவர் செய்ய மற்ற மூவர் பார்த்துக்கொண்டிருப்பது பல இடங்களில் காணும் வழக்கம். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் மூவருள் ஒருவராக இருத்தல் கூடாது. கையுளியைப் பிடித்துப் பழகாதவர் பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்ட முடியுமா? அதுபோன்றதே இதுவும். இவ்வாண்டிலேயே புள்ளியியல் பாடத்தையும் கருத்தூன்றிக் கற்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் விரிவுரையாளர்களை அணுகி, அவர்கள் செய்யும் ஆராய்ச்சியைக் கேட்டறிய வேண்டும். நம் மாணவர் பலரிடம் கூச்சம் மிகுதி. ஆசிரியர் முன் நிற்பதே பணிவுக் குறைவு என எண்ணி ஒதுங்கிவிடுகின்றனர். கேள்வி கேட்பது அவமரியாதையன்று. 'விடுமுறையில் தங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவி செய்ய அனுமதிப்பீர்களா?' என்று பணிவோடு கேட்பவரை வரவேற்கும் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். குழாய் கழுவும் வேலையாயினும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அருகிருந்து காண அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தொழிற்பயிற்சிக் காலத்தில் மருந்துத் தொழிற்சாலை, அரசாங்க ஆய்வகம், 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மூலிகைகளை ஆராயும் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

இறுதியாண்டில் மாணவர் ஒவ்வொருவரும் சிறு ஆய்வு ஒன்றைச் செய்து கட்டுரை எழுதும் வாய்ப்புப் பெறுகின்றனர். இதை மதிப்பெண்ணுக்குரிய கடமையாக மட்டும் கருதலாகாது. எதிர்காலத்தில் முதுகலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 'இம்மாணவர் தனித்து ஆராயும் ஆற்றல் உடையவர்' என்று ஆசிரியர் எழுதித் தரும் பரிந்துரைக்கு அடிப்படை இவ்வாய்வே.

ஆய்வேடும் நேர்மையும்

ஆராய்ச்சியாளரின் முதற்சொத்து அவருடைய ஆய்வேடாகும். செய்த சோதனையை அன்றே, அழியாத மையால், தேதியிட்டு எழுத வேண்டும். தவறாக எழுதியதை அழிக்கலாகாது. ஒரு கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். எதிர்பார்த்த விடை வரவில்லையே என்று எண்களை மாற்றி எழுதுவது பெருங்குற்றம். பால் நிறுவையில் ஒருவர் பொய்க் கணக்கு எழுதினால் ஒரு குடும்பத்தின் கூலி குறையும். மருந்துச் சோதனையில் ஒருவர் பொய் எழுதினால், முகமறியாத நோயாளிகள் பலரின் உயிருக்கே ஊறு நேரும். 'சோதனை தோல்வியுற்றது' என்று உண்மையாக எழுதப்பட்ட ஒரு வரி, பின்னால் வருவோரை அதே வீண் உழைப்பிலிருந்து காப்பாற்றுகிறது.

தளராத ஒருவர்

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார் 1895ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, சென்னைக்கு வந்து மூன்றாம் முறை எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் அமெரிக்கா சென்றார். அங்கு மருத்துவமனை ஒன்றில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயன ஆய்வாளரானார். பிற்காலத்தில் மருந்து நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சித் தலைவராய் இருந்தபோது, அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தை ஆக்கும் முறையைக் கண்டனர். யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டைஎதில்கார்பமசின் மருந்தை உருவாக்கியதும் அவருடைய குழுவே. அக்குழு ஆக்கிய அமினோப்டெரின், சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்ததை 1948ஆம் ஆண்டில் மருத்துவர்கள் அறிவித்தனர். அதன் வழிவந்த மெதோட்ரெக்சேட் இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். ஒரு தேர்வில் தவறியது ஒருவரின் ஆற்றலுக்கு எல்லையாகாது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

காலமும் செலவும்

பதினேழு வயதில் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை, இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயதில் பட்டம் பெறும். தலைமை ஆராய்ச்சியாளராக விரும்பினால் அதன்பின் முதுகலைப் பட்டத்திற்கு ஏறக்குறைய இரண்டாண்டும், முனைவர் பட்டத்திற்கு மூன்று நான்கு ஆண்டும் ஆகும். ஆக, முப்பது வயதை நெருங்கும்போதே முழு ஆராய்ச்சியாளராகிறார். இதை முன்கூட்டியே அறிந்து குடும்பம் ஆயத்தமாக வேண்டும். எனினும் இடையில் வருவாயே இராது என்று அஞ்ச வேண்டாம். மேற்படிப்பு மாணவர் பலர் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றி உதவித்தொகை பெறுகின்றனர். பட்டத்தோடு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் சேர்ந்து, சில ஆண்டு கழித்து மேலே படிப்போரும் உண்டு.

நம் நாட்டு மருந்துத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் காப்புரிமைக் காலம் முடிந்த மருந்துகளையே தயாரிக்கின்றன. அம்மருந்து மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் கலக்கிறது என்று நிலைநாட்டும் ஆய்வு அவற்றுக்குத் தேவை. ஆகவே, புது மருந்து கண்டுபிடிப்பது மட்டுமே ஆராய்ச்சி வேலை என்று கருத வேண்டாம். மருத்துவமனைகளில் நடைபெறும் மருந்துச் சோதனைகளை ஊக்குவிக்க 2012ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு தனி அமைப்பொன்றையும் நிறுவியது. அச்சோதனைகளை ஒருங்கிணைக்கும் பணிகளும் விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு ஏற்றவையே.

படிப்புச் செலவுக்கு அரசாங்க உபகாரச் சம்பளங்களும், 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் உள்ளன. இக்கடனுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளியில் இருக்கும்போதே அக்கணக்கைத் திறந்து, மாதந்தோறும் இயன்றதைச் செலுத்தி வரலாம். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்ததால்தான், 1960ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்க முடிந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நம் மக்களே செய்து காட்டியிருக்கின்றனர்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

பிள்ளை படிக்கும் பாடம் நமக்கு விளங்கவில்லையே என்று பெற்றோர் ஒதுங்கியிருத்தல் வேண்டா. இன்று எந்தச் சோதனை செய்தாய், அதில் என்ன கண்டாய் என்று கேட்டாலே போதும். தன் மொழியில் தாய்க்கும் தந்தைக்கும் எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அப்பாடம் உண்மையாகவே விளங்கிவிட்டது என்று பொருள். இரவில் படிக்க ஒரு மூலையும் வெளிச்சமும் அமைதியும் தர வேண்டும். பெண்பிள்ளையாயின், பட்டம் பெற்றதும் திருமணம் என்று அவசரப்படுத்தாமல், அவள் விரும்பினால் மேற்படிப்பையும் முடிக்க விட வேண்டும். உறவினர் பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறதே என்று ஒப்பிட்டுப் பேசி மனத்தைக் கலைத்தல் கூடாது.

புதிய மரம் ஒன்றை நட்டால் அது பாலுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதைத் தோட்டத் தொழிலாளி அறிவார். அதுவரை களையெடுத்து, உரமிட்டுக் காத்திருக்கிறார். கன்றைப் பிடுங்கிப் பார்த்து வேர் விட்டதா என்று எவரும் சோதிப்பதில்லை. அத்தகைய பொறுமையை நம் பிள்ளைகளின் கல்வியிலும் காட்டுவோமாக. இவ்வாண்டு நான்காம் படிவத்தில் சேரவிருக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், பாடத் தெரிவுப் பாரத்தில் கையொப்பமிடுமுன் பெற்றோர் அப்பிள்ளையோடு அமர்ந்து ஒரு முறை பேசுவாராக. அப்பாரத்தில் இரசாயனமும் கூடுதல் கணிதமும் இடம்பெற்றிருக்குமாயின், மருந்து ஆராய்ச்சியின் கதவு அப்பிள்ளைக்குத் திறந்தே இருக்கும்.